உங்க இஷ்டம்தாம்மா

‘எலெக்டிவ்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை கேரலுக்குக் கல்லூரி நாட்களிலேயே பழக்கம். இரண்டாம் ஆண்டில் எலெக்டிவ் பேப்பர் என்று ஒன்று வந்தது. சைக்காலஜியோ சோஷியாலஜியோ, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். தோழி நிக்கோல் சைக்காலஜி எடுத்தாள் என்பதற்காக அவளும் அதையே எடுத்தாள். பிடித்ததை நாமே தேர்ந்தெடுக்கிறோம், எடுக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. எலெக்டிவ் என்றால் அவள் மனதில் அவ்வளவுதான். அதற்கு வேறொரு அர்த்தம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை.

கல்யாணமாகிப் பெங்களூர் விவேக் நகருக்கு வந்த பிறகு ஓசூர் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பேஷன்ட் கோஆர்டினேட்டர். சர்ஜன் டாக்டர் முகேஷ் லக்னோக்காரர். இந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும். பெங்களூருக்கு வந்து இரண்டு வருஷமாகியும் கொஞ்சம் என்கிற ‘ஸ்வல்ப’, வலி என்கிற ‘நோவு’ இவற்றுக்கு மேல் கன்னடம் நகரவில்லை. தமிழ் சுத்தமாகக் கிடையாது. அவர் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்துச் சொல்வது கேரலின் வேலை. தன் இங்கிலீஷில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. டாக்டர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள்.

சந்திரம்மா வந்தது ஏப்ரல் மாதத்தில். நீலசந்திராவில் வீடு, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை. பெரிய பெரிய சாம்பார் அண்டாக்களைத் தூக்கித் தூக்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு வந்திருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வெளியே வரும். கூட யாரும் வரவில்லை. புடவையில் வெங்காயமும் பெருங்காயமும் கலந்த வாசனை. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஹெர்னியா, சர்ஜரி வேண்டும், எலெக்டிவ் என்று சொல்லி அறை மூலையில் கை கழுவப் போனார்.

“இன்னாம்மா சொல்றாரு?”

“ஹெர்னியாவாம்மா. ஆபரேஷன் இருக்கு. ஆனா பண்ணிக்கறதும் பண்ணிக்காததும் உங்க இஷ்டம்.”

சந்திரம்மா அவளையே பார்த்தாள். “என் இஷ்டமா?”

“ஆமாம்மா.”

“இன்னொரு தடவை சொல்லும்மா.”

வெளியே வராந்தா நிரம்பி வழிந்தது. காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று கேரல் குரலை உயர்த்தினாள். “உங்க இஷ்டம்தாம்மா. நீங்கதான் முடிவு பண்ணணும். வேற யாரும் சொல்ல முடியாது.”

சந்திரம்மா சிரித்தாள். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவள், திரும்பி ஒரு தடவை கேரலைப் பார்த்துவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் அவளைத் தொழிற்சாலை வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். புடைப்பு உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டிருந்தது. குடல் முறுக்கிக் கறுத்துப்போயிருக்கும் என்றார் டாக்டர். அவர் முகம் சிவந்திருந்தது. “இத்தனை மாசம் ஏன் வரவில்லை என்று கேளு” என்று இங்கிலீஷில் கேரலிடம் கத்தினார். “எலெக்டிவ் என்றுதானே சொன்னேன்? வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றா சொன்னேன்? நாள் பார்த்து வந்து கண்டிப்பாகச் செய்துகொள்ள வேண்டும் என்று அர்த்தம். எவ்வளவு தள்ளிப்போடுவது!”

கேரல் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த சந்திரம்மா கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வலியில் பேச்சு வரவில்லை. பிடி மட்டும் கெட்டியாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சந்திரம்மா இறந்துபோனாள்.

கேரல் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அந்த வார்த்தையைத் தேடினாள். கல்லூரிப் பாடம் பற்றிய அர்த்தம் முதலில் வந்தது. விரலால் கொஞ்சம் தள்ளியதும் மருத்துவத்தில் அதன் அர்த்தம் வந்தது. உடனடி அவசரம் இல்லாத, முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்கிற சிகிச்சை. இரண்டு அர்த்தங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி கிடந்தன.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. முதலில் வார்த்தைதான் துரத்தியது. பெங்களூரில் இஷ்டத்துக்கா பஞ்சம்? கன்னடத்திலும் அதே சொல்தான். எந்த வழியாகப் போகலாம் என்று கேட்டால் ஆட்டோக்காரர் “நிம் இஷ்ட மேடம்” என்பார். கடையில் சிவப்பா நீலமா என்று அவள் தயங்கினால் “நிம் இஷ்டா” என்று கடைக்காரர் தோளைக் குலுக்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “இட்லியா தோசையா கேரல்? உன் இஷ்டம்” என்று கணவன் டென்சில் சமையலறையிலிருந்து கேட்டான். அவள் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அவனிடம்கூட அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. உடம்பு சரியில்லை என்றாள். அவன் நம்பினான், அல்லது நம்பியது போல இருந்தான்.

அப்புறம் குரல் வந்தது. ஓ.பி.யில் யாருக்காவது டாக்டர் சொன்னதைச் சொல்லி முடிப்பாள். உடனே இடது தோளுக்குப் பின்னாலிருந்து, மிக அருகில், “இன்னொரு தடவை சொல்லும்மா” என்று கேட்கும். திரும்பினால் சுவரில் மாட்டிய எடை பார்க்கும் அட்டவணை மட்டும் இருக்கும். வெங்காயமும் பெருங்காயமும் கலந்த வாசனை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். கேரல் இன்னொரு தடவை சொல்வாள். அதற்கும் குரல் வரும். மறுபடியும் சொல்வாள். “புரிஞ்சுது மேடம், எத்தன வாட்டி சொல்வீங்க?” என்று நோயாளிகள் சலித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போய் முழந்தாளிட்டாள். அத்தனை பேர் ஒரே குரலில் ஜெபம் சொல்லும்போதும், ஒவ்வொரு ஆமென்னுக்குப் பிறகும் அந்தக் குரல் தனியாகக் கேட்டது. அதில் கோபமே இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

டிசம்பரில் சந்திரம்மாவின் கணவர் நாராயணசாமி வந்தார். பெயின்டர். நகக்கண்களில் வெள்ளைச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. கேரலின் மேஜைக்கு முன்னால் நின்று, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மேடம். சண்டைக்கு வரல” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே, டீக்கடைக்குப் பக்கத்து மரத்தடிக்கு அவரைக் கூட்டிப்போனாள்.

“அன்னிக்கு டாக்டர் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னாராமே. சந்திரா அத ஞாபகம் வச்சுக்கப் பார்த்தா, வரல. அது இன்னா வார்த்தை?”

“எலெக்டிவ்.”

“எலட்டிவ்” என்று அவர் சொல்லிப் பார்த்தார். “அப்படின்னா?”

உங்க இஷ்டம் என்று அர்த்தம், என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். டீ ஆறிக்கொண்டிருந்தது. கேரல் உண்மையைச் சொன்னாள். டாக்டர் என்ன சொன்னார், தான் என்ன சொன்னோம், எந்த இடத்தில் தவறியது, எல்லாவற்றையும். கேட்டு முடித்த நாராயணசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று அவள் நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்றும் நினைத்தாள்.

“அவளுக்குப் பதினாறு வயசுல கட்டிக்கினு வந்தேன்” என்றார் அவர். “வரியான்னு நான் கேக்கல. அவங்கப்பனும் கேக்கல. பொண்ணு பொறந்தப்புறம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அதுக்கும் எங்கம்மாதான் தலையாட்டுச்சு. அன்னிக்கு இங்கேந்து வந்து சொல்றா, ‘யோவ், என் இஷ்டமாம்யா. நான்தான் முடிவு பண்ணணுமாம். ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவையும் சொல்லுச்சு.’ தெருவெல்லாம் சொன்னா. ஆகஸ்ட்ல லால்பாக் பூ கண்காட்சிக்குத் தனியா போயிட்டு வந்தா. எங்கடீ போனன்னா, என் இஷ்டம்ங்கறா. ஆபரேஷன் பண்ணிக்கோன்னு பொண்ணு கத்துவா. பண்ணிக்கறேன், எனக்குத் தோணறப்போ, அதுவும் என் இஷ்டம்னு இவ சொல்வா. அவ்ளோ சந்தோஷமா நான் அவள பார்த்ததில்ல மேடம்.”

கேரல் வாயைப் பொத்திக்கொண்டாள். காது கேட்கவில்லை என்று தான் கத்திச் சொன்னதை, அந்தப் பெண் ஆசை தீர இன்னொரு தரம் கேட்டிருக்கிறாள்.

“எம் பொண்ணு ரக்ஷிதா அவங்கம்மா மேல இன்னும் கோவமா இருக்கா” என்றார் நாராயணசாமி. “பிடிவாதம் பிடிச்சுத் தானே போய்ச் சேர்ந்தாங்கன்னு சொல்றா. சாமி கும்பிடறப்போகூட அம்மா பேர எடுக்க மாட்டேங்கறா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லணும்.”

அன்று சாயங்காலம் டென்சிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “வேலை போயிரும் கேரல்” என்றான். பிறகு, “போய் சொல்லிடு” என்றான்.

முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் போனாள். வெளியே யாருக்கும் தெரியாது, விட்டுவிடு என்றார்கள். விட முடியாது, கணவரிடம் சொல்லிவிட்டேன், மகளிடமும் சொல்லப்போகிறேன் என்றதும் அவளை ஓ.பி.யிலிருந்து எடுத்து, அடித்தளத்தில் இன்ஷூரன்ஸ் பிரிவில் போட்டார்கள். அங்கே நோயாளிகள் வருவதில்லை. டாக்டர் முகேஷ் ஒருமுறை அங்கே இறங்கி வந்தார். அந்த அம்மா சிரித்ததைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். ஆபரேஷன் என்று கேட்டு யாராவது சிரிப்பார்களா, அப்போதே நீ என்ன சொன்னாய் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றார். பிறகு படியேறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேரல் நீலசந்திராவுக்குப் போனாள். சந்துக்குள் சந்து, மூன்றாவது மாடி. ரக்ஷிதாதான் கதவைத் திறந்தாள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிற பெண். அம்மாவின் முகவாய் அப்படியே இருந்தது. நாராயணசாமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கேரல் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சொல்லும்போது பின்னாலிருந்து குரல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வீட்டில் பிரஷர் குக்கர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

ரக்ஷிதா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், “தீபாவளி அன்னிக்குக்கூட அவங்கள திட்டினேன்” என்றாள். “செத்துப்போனவங்கள. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?”

கேரல் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

“மன்னிச்சிருங்கன்னு சொல்லாதீங்க. சொல்லிட்டு நீங்க நிம்மதியா போயிருவீங்க.”

“இல்ல. சொல்ல வரல.”

குக்கரை இறக்கிவிட்டு வந்த ரக்ஷிதா செருப்பைப் போட்டுக்கொண்டாள். “வாங்க, சந்துல வழி தெரியாது. மெயின் ரோடு வரைக்கும் வர்றேன்.”

இருவரும் படியிறங்கி நடந்தார்கள். தண்ணீர் பிடிக்கிற குடங்களையும் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களையும் ஒதுங்கி ஒதுங்கிக் கடக்க வேண்டியிருந்தது. கறிக்கடை தாண்டியதும் ரக்ஷிதா நின்றாள்.

“எனக்கும் காலேஜ்ல எலெக்டிவ் இருந்துச்சு மேடம். அன்னிக்கு எனக்குப் பரீட்சை. இல்லன்னா அம்மாகூட நான்தான் வந்திருப்பேன்.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். உன் இஷ்டம்மான்னு.”

“ரக்ஷிதா...”

“சரியா சொல்லியிருந்தா பண்ணிக்கிட்டிருப்பாங்களா?”

“தெரியல” என்றாள் கேரல். அதுதான் உண்மை. எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தும் அதற்கு மேல் ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ரக்ஷிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கைகளாலும் துடைத்தாள். “போங்க” என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

கேரல் விவேக் நகர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது. “சரி சரி, சொல்றேன். வாம்மா” என்றாள். போனில் பேசுகிறாள் என்றுதான் கேரல் முதலில் நினைத்தாள். நாலு எட்டு வைத்த பிறகுதான் அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. இரண்டுமே வெறுங்கைகள். போனை அவள் எடுத்துவரவே இல்லை.

கேரல் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளைத் தேடி வரவும் இல்லை.