பெயரைச் சுற்றி நட்சத்திரங்கள்

பாஞ்சாலி மாவுக் குண்டானைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருசனை வாசலில் கிடத்திவிட்டுக் கொல்லையில் பாத்திரம் கழுவுகிறாளே என்று ஊர் பேசும். பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? விடியக்காலையில் குப்புராஜ் புரோட்டாவுக்குப் பிசைந்து வைத்த மாவுதான் அதில் ஒட்டியிருந்தது. பிசைந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை, தொப்பூர் கணவாயில் வந்த லாரியை மறித்து ஏற்றினார்கள். தர்மபுரி ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே ஆள் அடங்கிவிட்டான்.

“எந்திரிச்சு வா கண்ணு,” என்று மாமியார் பெரியம்மாள் வந்து கையைப் பிடித்தாள். “தலைமாட்டுல நீ உக்காரணும்.”

போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. போன வியாழக்கிழமைதான் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். ப்ளஸ் டூ படித்தவள் புரோட்டாக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே வீணாய்ப் போகக்கூடாதென்று அவளை அங்கே சேர்த்துவிட்டவனே குப்புராஜ்தான். “கட்டிக்கிட்டு வந்தவள எந்த ஊருல படிக்க அனுப்புறான்?” என்று பெரியம்மாள் முணுமுணுத்ததை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரிக்கு முன்னால் பத்து, இருபது என்று எண் போட்டு, வேண்டியதை இங்கிலீஷில் அடித்தால் அப்படியே திரையில் வந்து நிற்கும் என்று அவள் சொன்னதும் அவனுக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

“நம்ம கடை பேரு வருமா அதுல?”

“வருமுங்க.”

“அப்ப போடு. சுத்தியும் நட்சத்திரம் வெச்சுப் போடு. நான் வந்து பாக்குறேன்.”

பெயர் சுலபமாக வந்துவிட்டது. நட்சத்திரம்தான் பிராணனை வாங்கியது. நடுவில் ஓர் இடைவெளி கூடினால் வலது ஓரத்து நட்சத்திரம் வெளியே ஓடும், குறைந்தால் உள்ளே நுழையும். வாரத்தில் ஒரு நாள்தான் மெஷின் கிடைக்கும். கரண்டு போனால் அடித்ததெல்லாம் போச்சு, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன வியாழக்கிழமைதான் நேராக வந்தது. நாலு பக்கமும் ஒரே சீராக நட்சத்திரம், நடுவில் குப்புராஜ் புரோட்டா ஸ்டால். அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான் குப்புராஜ். செருப்பைக் கழற்றி, காலையும் கழுவிக்கொண்டு வந்திருந்தான். மடித்துக் கட்டிய லுங்கி, முழங்கை வரை காய்ந்த மாவு. ஏசி அறை முழுக்க வெங்காய வாசம் அடித்தது. பின்னால் இருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பாஞ்சாலி எழுந்து ஓடிப்போய்க் கதவருகிலேயே மறித்துக்கொண்டாள்.

“இன்னும் சரியா வரலைங்க. கோணலா இருக்குது. அடுத்த வாரம் வாங்களேன்.”

அவன் அவள் தோளுக்கு மேலே திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு அந்தப் பெண்களைப் பார்த்தான்.

“அதுக்கென்ன, மெதுவா வரட்டும்,” என்று படியிறங்கிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தும் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அடி பாவி, நாலு எட்டு வைத்தால் திரை, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போது தன்னைத்தானே வைதுகொண்டாள்.

மத்தியானம் லாரி டிரைவர் மாது மாலையோடு வந்தான். கணவாய் ஏறும்போதெல்லாம் கடையில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறவன். மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“முந்தாநேத்துகூட அண்ணனுக்கு இதே பேச்சுதான் அண்ணி. நீங்க கம்ப்யூட்டர்ல கடை பேரைப் போட்டுக் காட்டுனீங்களாம். சுத்தியும் நட்சத்திரமாம், ஒண்ணுகூட விலகலையாம். சேர் போட்டுப் பக்கத்துல உக்கார வெச்சீங்களாம். கல்லுல புரோட்டா கருகுறது தெரியாமச் சொல்லிட்டிருந்தாரு.”

சேர் உட்பட இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறான் குப்புராஜ். பாஞ்சாலி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“மெய்யாலுமா?” என்றாள் பெரியம்மாள். “எங்கிட்ட சொல்லவே இல்லையே. எம்புள்ள பாத்துட்டுத்தான் போனானா?”

“பாத்தாருங்க அத்தை.”

கிழவி மகன் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தபடியே கேட்டாள்.

“எம்மாம் பெருசா இருந்துச்சு பேரு?”

பாஞ்சாலி இரண்டு கைகளையும் அகட்டி அளவு காட்டினாள். போதாதென்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.