வரப்பு வரைக்கும் வந்த களை

மக்காச்சோளம் விதைத்த கையோடு களைக்கொல்லி வாங்கப் போன இடத்தில்தான் மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் முட்டிக்கொண்டது. மாப்பிள்ளை என்றால் புது மாப்பிள்ளை அல்ல. மனைவியின் ஊரிலேயே வந்து குடியேறிவிட்டதால், தலை நரைத்த பிறகும் ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. மச்சான், அவன் மனைவியின் அண்ணன். அடுத்த நிலம் அவருடையது; அவரும் மக்காச்சோளம் விதைத்துவிட்டு அதே மருந்து வாங்கத்தான் வந்திருந்தார்.

மருந்துக்கடையில் கூட்டம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் மச்சான் பாடம் எடுத்தார். களை முளைக்கும் முன்பே ஈரமண்ணில் அடிக்கிற மருந்தாம் இது. மண்மேல் போர்வை மாதிரி படியுமாம். மிதித்துக் கிழித்தால் கிழிந்த இடத்தில் களை வருமாம். அதனால் பின்பக்கமாக நடந்துகொண்டே அடிக்க வேண்டும், அடித்த பிறகு உள்ளே போகவே கூடாது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அடிச்சுட்டு வீட்டுல உட்காருங்க மாப்பிள்ள. உங்க கால் சும்மா இருக்காது."

கடையே சிரித்தது. மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. இனி உங்கள் வாசப்படியை மிதித்தால் என்னை ஏனென்று கேளுங்கள் என்றான். நானும் மிதிக்க மாட்டேன் என்றார் அவர். பேச்சு அறுந்தது.

மருந்தை என்னவோ பின்பக்கமாக நடந்தேதான் அடித்தான். வரப்பு தடுக்கி, முதுகில் மாட்டிய மருந்து டேங்கோடு மல்லாக்க விழுந்தது யார் கண்ணிலும் படவில்லை. விதைத்த நிலம் கெட்டுப்போகக் கூடாது என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது. சாயங்காலம் வந்ததும் அது எங்கோ போய்விட்டது. மச்சானோடு வம்பளக்காமல் ஒரு சாயங்காலம்கூட அவனுக்குக் கழிந்ததில்லை. வீடு வெறிச்சென்றிருந்தது. சமாதானம் பேசிவிடலாம் என்று கிளம்புவான். தெரு வழியாகப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். எனவே நிலத்துக்குள் இறங்கி நேராக நடப்பான். வரப்பை நெருங்கியதும் ரோஷம் வந்து சட்டையைப் பிடிக்கும். திரும்பிவிடுவான். மறுநாளும் இதே கூத்து. மருந்து அடித்த நிலம் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

மக்காச்சோளம் முளைத்தது. நிலம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். நடுவில் மட்டும் வீட்டுப்பக்கமிருந்து மச்சான் வரப்பு வரைக்கும் பச்சைப் பசேலென்று களை, கோடு போட்டாற்போல.

மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "எங்க அண்ணன் வீட்டுக்கு ரோடு போட்டிருக்கீங்களா?"

நாய் ஓடிய தடம் என்றான்.

"செருப்பு போட்ட நாயா?"

மானம் போய்விடும் என்று பயந்துவிட்டான் அவன். மச்சான் பார்த்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். விடிந்தும் விடியாததுமாகக் களைக்கொத்தியோடு இறங்கினான். குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டே வரப்பை நெருங்கியபோது, அந்தப் பக்கமும் கொத்துகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான்.

மச்சான் குத்துக்காலிட்டு அவசர அவசரமாகக் களை கொத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் வீட்டிலிருந்து வரப்பு வரைக்கும், இதைவிட அகலமாக ஒரு பச்சைத் தடம்.

கடையில் வாங்கிய கேலியை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எத்தனை தடவை வந்தீங்க மச்சான்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "களை எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு பாருங்க மாப்பிள்ள. நீங்களே தெரிஞ்சுக்குங்க."

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினான். முதலில் அவர் பக்கத்துக் களையைக் கொத்த உட்கார்ந்தான்.