பவுடர் கிளப் சுவரில் கனிமொழி

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருக்கிறது அந்த இடம். போர்டில் நீளமாக ஏதோ இங்கிலீஷ் பேர். ஊரில் பவுடர் கிளப் என்றால்தான் தெரியும். காலையில் வெறும் வயிற்றோடு போய், எடை மிஷினில் ஏறி நின்று, கலக்கித் தருகிற பவுடரைக் குடித்துவிட்டு வர வேண்டும். எடை குறைந்திருந்தால் எல்லோரும் கை தட்டுவார்கள்.

அமுதவல்லி அன்றைக்கு அந்தப் படியேறியது பவுடருக்காக அல்ல. தங்கச்சி கனிமொழி செத்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் படம் இன்னும் அங்கே சுவரில் தொங்குவதாகப் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் சொன்னாள். அதைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். சென்னம்மாளும் கூடவே வந்தாள். அவள் இன்னமும் அங்கே பவுடர் குடிக்கிறவள்.

அக்காளும் தங்கையும் ஒன்றாகத்தான் கிளப்பில் சேர்ந்தார்கள். அமுதவல்லிக்கு எடை அசையவே இல்லை. கனிமொழிக்கு வாராவாரம் இறங்கியது.

"ரெண்டு வாய் தின்னாவே வவுறு நெறஞ்சுடுதுக்கா. களியப் பாத்தாலே வேணாங்குது."

"உனுக்கென்னடி, குடுத்து வச்சவ. எனக்குத் தட்டக் கழுவுறப்பவே மறுபடியும் பசிக்குது."

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அமுதவல்லிக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

கிளப் நடத்துகிற கலைவாணனுக்கோ ஒரே பெருமை. "உடம்பு பேசும்ங்க, நாமதான் கேக்கறதில்ல. இந்தக்கா கேட்டாங்க. உடம்பு போதும்னுச்சு, நிறுத்திட்டாங்க. பாத்துக்குங்க!" என்று புதிதாக வருகிறவர்களிடம் கனிமொழியை நிறுத்திக் காட்டுவான். 'உங்கள் உடம்பு பேசுகிறது, கேளுங்கள்' என்று பிளெக்ஸ் அடித்து மாட்டினான். அந்த வரிக்குக் கீழே கனிமொழியின் படங்கள் இரண்டு. ஒன்று, தீர்த்தமலைக்குப் போனபோது கன்னம் உப்பச் சிரித்தது. மற்றது, கன்னமே இல்லாதது.

உடம்பு பேசிக்கொண்டுதான் இருந்தது. இரைப்பையில் கட்டி. எப்போதிருந்து பசியில்லை என்று தர்மபுரியில் டாக்டர் கேட்டார். கனிமொழி யோசித்து யோசித்து ஒரு மாதத்தைச் சொன்னாள். அவளுக்கு முதன்முதலாகக் கை தட்டிய மாதம் அது.

"வாங்கக்கா! மொதல்ல ஏறுங்க, பேச்சு அப்பறம்" என்று, படியேறி வந்த அமுதவல்லிக்கு எடை மிஷினைக் காட்டினான் கலைவாணன்.

"நான் அதுக்கு வரலீங்க தம்பி. அந்தப் படத்தக் கழட்டிக் குடுங்க."

"குடுக்கறன்க்கா. ஏறுங்க."

"ஏறுடி. மிஷினு என்ன கடிச்சா வெக்குது?" சென்னம்மாள் கையைப் பிடித்து ஏற்றியே விட்டாள்.

கலைவாணன் குனிந்து பார்த்தான். "ஆறு கிலோ கொறஞ்சிருக்குதுங்க!"

எல்லோரும் தட்டினார்கள். சாவு வீட்டில் அமுதவல்லியைக் கட்டிக்கொண்டு அழுத சென்னம்மாளும் தட்டினாள்.

"எப்படிக் கொறச்சீங்கன்னு வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லுங்கக்கா."

"படம்" என்றாள் அமுதவல்லி.

அவன் குரலைத் தாழ்த்தினான். "வர்ற ஞாயித்துக்கெழம கேம்ப் இருக்குதுக்கா. இதப் பாத்துத்தான் ஜனம் சேருது. அவங்க இல்லைங்கறது வெளியூர்க்காரங்களுக்கு எங்க தெரியப் போவுது?" அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துடலாம். சொவுரு மொட்டையா இருக்கக் கூடாதில்லீங்களா? அந்த எடத்துல உங்களது ஒண்ணு வச்சுடறன். அப்படியே நில்லுங்க" என்று போனைத் தூக்கினான்.

"புடிங்க தம்பி. கீழ மறக்காம எழுதிக்குங்க. தங்கச்சியப் பொதச்சுட்டு வந்து ஆறு கிலோ எறங்குனாங்கன்னு எழுதுங்க."

போன் மெல்ல இறங்கியது. டம்ளர் வைத்திருந்தவர்கள் டம்ளரையே பார்த்தார்கள்.

அமுதவல்லி பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு ஏறி, பிளெக்ஸைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு ஒரு மூலை கிழிந்து சுவரிலேயே நின்றுவிட்டது. யாரும் தடுக்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

படிக்கட்டில் சென்னம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "அமுதா, கை பழக்கத்துல தட்டிடுச்சுடி."

"தெரியும். நானுந்தான அவளுக்குத் தட்டுனன். நீ போய் உன் பவுடரக் குடி."

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அப்போதுதான் இட்லிக் குண்டானைத் திறந்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த பசி, வெட்கமில்லாமல் வந்து நின்றது. உள்ளே போய், பிளெக்ஸைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நாலு இட்லி சொன்னாள்.

முதல் இரண்டும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது மெதுவாகப் போனது. நாலாவதைப் பிட்டபோது வயிறு போதும் என்றது.

கை அப்படியே நின்றது. கனிமொழிக்கும் இப்படித்தான் சொல்லியிருக்கும். இதே மாதிரி அமைதியாக, நல்லதைச் சொல்வது போல. இது நிறைந்த வயிறா, மூடிக்கொள்கிற வயிறா? அமுதவல்லிக்குத் தெரியவில்லை.

"என்னக்கா, இட்லி நல்லால்லீங்களா?" என்றான் பரிமாறுகிறவன்.

"நல்லாத்தான் இருக்குதுப்பா."

பிட்டதைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டாள். இறங்கவில்லை. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள். மிச்சத்தையும் அதே மாதிரி தள்ளினாள். வயிறு கல்லாகக் கனத்தது. அது போதும் என்று சொல்வதைக் கேட்பதற்கு அந்தக் கனமே தேவலை என்று இருந்தது.