சமந்தாவின் பெயரில் ஒரு யூத்தாலியா

சனிக்கிழமை காலை, தம்போயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். மேசையின் வாசல் பக்கம் என் கணவர் லியோனார்ட். எதிரே, இருபது வருடமாக அவரோடு வண்ணத்துப்பூச்சி தேடி அலையும் ஜெயபாலன். சன்னலோரம் ஆய்வகத்திலிருந்து முடிவுகளோடு வந்த கஸ்தூரி. கடிதங்களும் பதிவேடும் டொரத்தியாகிய என் பொறுப்பு என்பதால் மேசையின் தலைப்பக்கம் நான். நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதில் ஊசி குத்திய பதினொரு பூச்சிகள்.

எல்லாம் யூத்தாலியா பேரினம். அதில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்காது. எது எதன் ஜோடி என்று பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். எங்கள் பதினொன்றும் பெக்கோக் காட்டோரத்தில் அழுகிய அன்னாசிக்கு வந்த பெண் பூச்சிகள். முன்னிறக்கையில் அகலமான வெள்ளைப்பட்டை, எந்தப் பட்டியலிலும் இல்லாதது. புதிய இனம் என்று கட்டுரை எழுதினோம். வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் அச்சு. டெங்கியில் பத்தொன்பது வயதில் போய்விட்ட எங்கள் ஒரே மகள் சமந்தாவின் பெயரை அதற்கு வைத்திருந்தோம்.

கஸ்தூரி காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், ஒவ்வொண்ணுலயும் ஒரு கால் எடுத்து டிஎன்ஏ பார்த்தோம். அங்க பறக்கிற சாதா யூத்தாலியாதான். பெண்ணுல இது இன்னொரு கோலம். புது இனம் இல்ல."

"மறுபடி பாருங்க," என்றார் லியோனார்ட்.

"மூணு தடவ பார்த்தாச்சு அங்கிள்."

"அலமாக்! இத்தன வருசம் பின்னால ஓடியும் இதுங்க புருசன் யாருன்னு தெரியாமப் போச்சே," என்றார் ஜெயபாலன். யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு ஜோடிகூட சேர்ந்து பார்க்கலயா? பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்," என்றாள் கஸ்தூரி.

நான் பதிவேட்டைத் திறந்தேன். சமந்தாவுக்கு ஒன்பது வயதில் சேர்ந்திருந்த ஜோடி ஒன்றை அவள் அப்பா வலையில் பிடித்தார். அவள் அழுத அழுகையில் அன்றைக்கு வேலையே நின்றது. அதற்கப்புறம் எங்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது: ஜோடியைக் கண்டவர் "கல்யாணம்!" என்று கத்த வேண்டும், எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நகர வேண்டும். நான் பேரினம், தேதி, இடம் மட்டும் எழுதுவேன். அந்தக் காட்டோரத்தில் மட்டும் யூத்தாலியா பதினான்கு ஜோடி. தேதிகளைப் படித்தேன். ஏழாவதோடு லியோனார்ட் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அச்சாகட்டும். யாருக்கு என்ன நஷ்டம் லா?"

"பின்னால யாராச்சும் கண்டுபிடிப்பாங்க அங்கிள். அப்ப செல்லாத பேருன்னு சரியான பேருக்குக் கீழ போட்டுருவாங்க."

"அழிச்சிருவாங்களா?"

"இல்ல. பட்டியல்ல இருக்கும்."

"இருக்கும்ல? அது போதும் எனக்கு. டொரத்தி, நீ ஒண்ணும் எழுதாத."

"ஏங்க, அவ பேர எடுக்கிறப்பல்லாம் தப்புன்னு சேர்த்துச் சொல்லுவாங்க. என்னால தாங்க முடியாது."

"உனக்கு மட்டுமா மக?"

எழுந்து பின்கட்டுக்குப் போனார். துணிக்கொடியருகே அவர் முதுகு தெரிந்தது. ஜெயபாலன் எழப்போனார், நான் வேண்டாமென்று தலையசைத்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் லியோனார்டும் நானும் கையெழுத்திட வேண்டும். அதைத் தபாலிலேயே அனுப்ப வேண்டும் என்பது இதழின் விதி. எழுதினேன். கட்டுரை எண், பூச்சிகளின் எண், ஆய்வு முடிவு, தவறு எங்களுடையது என்று ஒரு வரி. கட்டுரையின் தலைப்பைக் குறிப்பிட்டே ஆக வேண்டியிருந்ததால் அவள் பெயரும் ஒரு தடவை வந்தது.

பதினொன்றரைக்கு லியோனார்ட் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"அவ பேரு எங்க இருக்கு?"

காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை. கஸ்தூரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேனா குடு."

கையெழுத்துக் கோணலாக விழுந்தது. மூன்றாய் மடித்து, உறையில் போட்டு, ஓரத்தை ஒட்டினேன்.

தபால் நிலையம் மூட இன்னும் நேரமிருந்தது. முகப்பிலிருந்த மலாய்ப் பெண் உறையை எடைபோட்டாள்.

"சூராட் சாஜா, காக்?" கடிதம் மட்டும்தானா, அக்கா என்றாள்.

"சூராட் சாஜா," என்றேன்.

முத்திரை குத்திப் பின்னாலிருந்த பையில் போட்டாள்.