பின்பக்கத்து அரைப் பேர்ச்

கார்த்திகை மழை மூன்றாம் நாளும் விடாமல் பெய்தபோது எங்கள் பின்மதில் சரிந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு இது. பின்வளவு பன்னிரண்டு அடி சரிவாக இறங்கி, கீழ்வீட்டு மர்லியாவின் முற்றத்தில் முடியும். அவளுடைய குசினி வாசலுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் மதில் முழுதும் குவிந்து கிடந்தது.

என் கணவர் சிவானந்தன் குடையோடு கீழே ஓடினார். யாருக்காவது அடிபட்டதோ என்று பார்க்க ஓடுகிறார் என நினைத்து நானும் பின்னால் ஓடினேன். அந்த மனிசன் சேற்றுக்குள் கையை விட்டு எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். மர்லியா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

எல்லையோடு மதில் கட்டினால் விழும் என்று போன வருடமே சொன்னார்கள். மண் கரையத் தொடங்கியதும் மர்லியாவின் தமக்கை மகள் பஹ்மா வந்து பார்த்தாள். அவள் எஞ்சினியர். எல்லையில் இருந்து நான்கடி உள்ளே தள்ளி, கொஞ்சம் எங்கள் வீட்டுப்பக்கமாகச் சாய்த்து, தண்ணீர் போகத் துவாரம் விட்டுக் கட்டச் சொன்னாள். காசுகூடக் கேட்கவில்லை. இவர் வீட்டுக்குள் வந்து கணக்குப் பார்த்தார். நான்கடி விட்டால் மதில் நீளத்துக்கும் அரைப் பேர்ச் காணி போகும், நூற்று முப்பத்தாறு சதுர அடி. அது அவர்களுடைய ஆள், அரைப் பேர்ச்சை அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்றார். எல்லையிலேயே நூல் பிடித்து நேராகக் கட்டினார். துவாரம் விட்டால் நாளைக்குக் கீழ்வீட்டார் வழக்கு வைப்பார்களாம். ஊரில் வேலிக்குச் சண்டை பிடித்துப் பழகிய புத்தி, கொழும்புக்கு வந்தும் போகவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதுதான் இப்போது நெஞ்சைப் போட்டு அரிக்கிறது.

மழை விட்டதும் பஹ்மா மறுபடி வந்தாள். வராமல் விட்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். என் குசினிச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இனி நான்கடி போதாது, குசினியை இடித்து, சரிவைப் படிபடியாக வெட்டி, பத்தடி உள்ளே மதில் வைத்தால் மிச்ச வீடு தப்பும் என்றாள். அடுத்த மழைக்கு முன்னர் செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை மதில் கட்டுகிற கிளின்ரன் பாஸ் ஆட்களோடு வந்தார். இவர் அவரைப் பழைய எல்லைக்கே கூட்டிக்கொண்டு போய், இந்த முறை கம்பி கூடப் போட்டு அதே இடத்தில் கட்டச் சொன்னார். நான் அடுப்பையும் காஸ் சிலிண்டரையும் முன்விறாந்தைக்கு இழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

"பாஸ், குசினியை இடியுங்கோ."

"உமக்கென்ன விசரே?" என்றார் இவர். "காணியை விட்டுட்டு நிக்கச் சொல்லுறீரோ?"

"சீதனமா வந்த வீடு. காணி உறுதி என்ர பேரில. நான் சொல்லுறன், இடியுங்கோ."

கிளின்ரன் இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்தார். இருபத்திரண்டு வருடம் நான் நின்று சமைத்த குசினிச் சுவரில் முதல் அடி விழுந்தது. இவர் என் பின்னால் நின்று, விட்ட காணி திரும்பி வருமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வராது," என்றேன். "வீடு இருக்கும். உங்களுக்கு அது போதுமெண்டால் இருங்கோ."