ஆள் இரிக்கி

எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கிற அந்தக் கம்பைலர் காலையிலிருந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்றைக் கக்கும். நோன்பு வேறு. ஒரு வாய் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஏசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தேன்.

என் அண்ணன், அம்ஜத் நானாவின் இறால் பண்ணைக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். குளத்தில் ஒட்சிசன் குறைந்தால் அது தானாகவே சக்கரங்களைச் சுற்றவிடும். சக்கரம் தண்ணீரை அடிக்கும், காற்றுக் கலக்கும், இறால் பிழைக்கும். ஒட்சிசன் அளக்கிற கருவி ஒன்று பழுதாகி, வேறு கொம்பனியின் கருவி வாங்கினோம். இரண்டையும் ஒரே புரோகிராம் வாசிக்க வேண்டும். அதற்காகப் பண்ணையிலிருந்த சின்னக் கணினியைக் கழற்றி, கனமூலை ஊரில் எங்கள் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது இங்கே இருக்கும்வரை அங்கே சக்கரங்களைக் கையால்தான் போட வேண்டும். இறால் பிடிக்கிற பருவம். குளம் நெருக்கமாக நிறைந்து கிடக்கிறது. கொஞ்ச நேரம் மூச்சு முட்டினாலும் எல்லாம் போய்விடும்.

அதனால் கழற்றும்போதே கேட்டேன்.

"நானா, சக்கரத்த யாரு போடுவாங்க?"

"ஆள் இரிக்கிடி. நீ உன்ட வேலையப் பாரு."

பார்த்தேன். ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதுகிற புரோகிராம் அது. அதில் ‘ட்ரெயிட்’ என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் என்ன வேலை செய்யும் என்பதை மட்டும் அது சொல்லும். ‘ஒட்சிசன் அளக்கும்’ என்று ஒரு ட்ரெயிட் எழுதினேன். பழைய கருவியும் அளக்கும், புதியதும் அளக்கும். ஆகவே எந்தக் கருவி என்று சொல்லாமல் ‘அளக்கிற ஒன்று வரும், எடுத்துக்கொள்’ என்று எழுதிவிட்டேன். உடனே சிவப்பு எழுத்தில் கத்தியது: நான் எதிர்பார்த்தது ஒரு டைப், அதாவது இன்ன பொருள் என்று; நீ தந்திருப்பது ஒரு ட்ரெயிட்.

அதுவே காட்டித்தந்த ஒரு சொல்லை முன்னால் செருகினேன். அடுத்த பிழை. இதன் அளவு தெரியாதாம். அளவு தெரியாத ஒன்றுக்கு இடம் ஒதுக்க ஏலாதாம்.

"உனக்கென்ன கொழுப்பா?" என்று வாய்விட்டே ஏசினேன். நோன்பு நேரத்தில் இப்படி ஏசலாமா என்று அஸ்தஃபிருல்லாஹ் சொன்னேன். பிறகும் ஏசினேன்.

வெளியே, ஆம்பிளைகள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்ததால் ஊர் வெறிச்சென்று கிடந்தது. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. வானம் மூடிக்கொண்டிருந்தது, தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை. இப்படி வெயிலும் காற்றும் இல்லாவிட்டால் குளத்தில் ஒட்சிசன் இறங்கும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலிலிருந்து திரும்ப வந்து திரையை முறைத்தேன். அளக்கும், அளக்கும் என்கிறாயே, அளக்கிறது யார்? அது கேட்பது அவ்வளவுதான். வேலையைச் சொல்லிவிட்டால் ஆளைச் சொன்னதாக ஆகிவிடுமா?

ஆள் இரிக்கி.

எந்த ஆள்?

பண்ணையில் இரண்டு பேர் காவல். பதுர்தீன் எங்கள் ஊர். அருளப்பு சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வெள்ளிக்கிழமை பதுர்தீன் ஜும்ஆவுக்குப் போவார், அருளப்பு பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அருளப்பு மாதா கோயிலுக்குப் போவார், பதுர்தீன் பார்த்துக்கொள்வார். எத்தனையோ வருஷமாக இப்படித்தான். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுகூட இல்லை.

அருளப்புவுக்குப் போன் எடுத்தேன். பாண்டு வாத்தியமும் சனத்தின் இரைச்சலும் கேட்டன.

"ஓம் பிள்ளை, நான் தலவிலக் கோயில்ல நிக்கிறன். அன்னம்மா திருநாளெல்லே, விடியவே வந்திட்டன். அங்க பதுர்தீன் நிக்கிறார்தானே?"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை!"

"ஐயோ மாதாவே," என்றார்.

பதுர்தீனின் போன் அணைந்திருந்தது. நானாவின் போனும்தான். தொழுகையில் இருக்கிறவர்கள் எடுப்பார்களா? பண்ணைக்குப் போகக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஸ்கூட்டியை எடுத்தேன். செருப்பு ஒன்று வாசல் படலைக்கருகிலேயே கழன்றுவிட்டது, அதை எடுக்கக்கூட நிற்கவில்லை.

குளத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. தண்ணீரின் மேல் சின்னச் சின்ன மூக்குகளாக இறால்கள் மிதந்தன. ஓரத்தில் சில வெள்ளையாகக் கவிழ்ந்து கிடந்தன. கொட்டிலுக்கு ஓடி, சக்கரங்களின் சுவிட்ச் ஆளிகளைத் தட்டினேன். முதல் சக்கரம் சுற்றியது. இரண்டாவதும் சுற்றியது. மூன்றாவது உறுமிவிட்டு நின்றது. "சுத்து, நாசமாப் போனதே, சுத்து!" என்று திரும்பத் திரும்ப ஆளியைத் தட்டினேன். கடைசியில் அதுவும் தண்ணீரை அடிக்கத் தொடங்கியது. கரையில் குந்தி, மூக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொழுகை முடிந்து அம்ஜத் நானாவும் பதுர்தீனும் ஒரே முச்சக்கரவண்டியில் வந்திறங்கினார்கள். என்னைக் கண்டதும் பதுர்தீன் கேட்டார்:

"ஸக்கியா, நீ எங்க இங்க? அருளப்பு எங்க?"

"தலவிலயில மெழுகுதிரி கொளுத்துறாரு!" என்று கத்தினேன். "நானா, ஆள் இரிக்கின்னீங்களே, எங்க உங்கட ஆள்?"

நானா ஓரத்தில் கிடந்த வெள்ளை இறால்களைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செத்ததை வாளியில் அள்ளத் தொடங்கினார். ஒரு மூலைதான் போயிருந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மாலையில் நோன்பு துறந்துவிட்டுத் திரும்பவும் மேசை முன்னால் இருந்தேன். இரண்டு கருவிகளையும் பெயர் சொல்லி, இவை இரண்டில் ஒன்றுதான் வரும் என்று எழுதினேன். அளவுப் பிழை போனது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த வேறு மூன்று வந்து நின்றன. இன்றைக்கு இது ஓடாது. சக்கரங்களை விடியும்வரை கையால்தான் பார்க்க வேண்டும்.

நானாவின் போன் வந்தது.

"ராவைக்குக் கவலப்படாத. ஆள் இரிக்கி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பேரு?"

போனுக்குள் சக்கரங்கள் தண்ணீரை அடிக்கிற சத்தம் கேட்டது.

"அம்ஜத்," என்றார்.