காரணம் என்ற கட்டம்

சர்வீஸ் பெண் மேலாளருடைய லேப்டாப்பின் பொத்தானை மூன்றாவது முறையாக அழுத்திப் பிடித்தாள். விளக்கு எரியவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை. வேறு சார்ஜரைச் செருகியும் உயிர் வரவில்லை.

"பதினோரு மணிக்கு மீட்டிங். இன்னும் பட்டனையே தடவிக்கிட்டு இருந்தா எப்படி?" மேலாளர் கதவோரம் நின்ற துப்புரவுக்காரியைத் தாடையால் காட்டினார். "எல்லாம் இந்த மகராசி வேலை. ஈரத்துணியால தேச்சிருக்கா."

"மேஜையத்தான் சார் தொடச்சேன். இதுல கையே வைக்கல."

"வாயப் பாரு. ஏஜென்சிக்குச் சொல்லியாச்சு. நாளைலேருந்து வேற ஆளு வருது."

ஏழு வருடமாக அந்தத் தளத்தின் ஆறு கழிவறைகளும் அவள் பொறுப்பு. சீருடையின் நுனியைத் திருகியபடி அங்கேயே நின்றாள்.

சர்வீஸ் பெண் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அடிமூடியை நெம்பித் திறந்து, பேட்டரி வயரை உருவினாள். உள்ளே ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து முகர்ந்தாள்.

"சார், இது தண்ணி இல்ல. காபி. சர்க்கரை போட்ட பால் காபி."

மேலாளர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்ன ரிப்பேருக்குத்தான் கூப்பிட்டேன். மோப்பம் பிடிக்க இல்ல."

அவள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து இண்டு இடுக்கெல்லாம் துடைத்தாள். காய்ந்ததும் வயரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. மூடியைக்கூட முழுதாக முடுக்க விடாமல் மேலாளர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வேலைத்தாளில் 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவுன்னு எழுது. இல்லன்னா உங்க கம்பெனிக்கு இனிமே இங்க வேலை கிடையாது."

அவள் யாரையும் பார்க்காமல் 'திரவம் சிந்தியதால்' என்று எழுதினாள். யார் சிந்தியது என்று எழுதவில்லை. பொய் எழுதவில்லை என்ற நிம்மதி ஒரு நொடிதான் இருந்தது.

"திரவமா?" மேலாளர் சிரித்தார். "சரி, ஈரத்துணியும் அதுக்குள்ள வந்துடும்." கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் திரும்பினார். "ஏய், என்ன சிலை மாதிரி நிக்கிற? இதெல்லாம் அள்ளிட்டுக் கெளம்பு."

துப்புரவுக்காரி மேஜையருகே வந்தாள். "மாட்டிக்காம நல்லாத்தான் எழுதியிருக்க, தங்கச்சி," என்றாள், தலை நிமிராமல். பிறகு காபிக் கறை ஏறிய பஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள்.